தூரத்து டிவிஷனும் ஒரே ஒரு சோதனைக்காரியும்

உங்கள் கணினி அரை நிமிடத்தில் போட்டுத் தரும் லாரி அட்டவணையை, என் கண் முன்னால் ஒருவர் பதினோரு நாள் உட்கார்ந்து பென்சிலால் போட்டார். அந்த அட்டவணை பலிக்கவில்லை. ஆனாலும் அவரைவிடக் கெட்டிக்காரரான ஒரு திட்டக்காரரை நான் பிறகு எங்கும் சந்திக்கவில்லை. சுங்கை காடுட்டில் சரக்கு அனுப்பும் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். அவரைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. பெயரைக் கேட்காதீர்கள். தன் பெயரை அச்சில் பார்த்தால் கோபப்படுகிற மனிதர் அவர். தோட்டத்தில் எல்லாரும் கிராணி என்றுதான் கூப்பிட்டோம். ஆபீசில் கணக்கு எழுதுகிறவருக்கு அங்கே அதுதான் பெயர்.

என் படிப்பு தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. அதற்குப் பிறகு ஊர் ஊராக அலைந்தேன். ஈயக் குட்டையில் மண் அள்ளினேன், துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன், மம்பாவில் ஒரு சீனரின் பட்டறையில் லாரிக்கு அடியில் படுத்துக் கிடந்து வண்டி ஓட்டக் கற்றேன். ஒரே இடத்தில் மூன்று வருடம் நின்றதில்லை. வெள்ளைக்காரர் அறிவித்த அவசரகாலத்தில் பகாவ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் லாரி டிரைவராகச் சேர்ந்தேன். முன்பு ஓட்டியவர் சாலையில் சுடப்பட்டு இறந்திருந்ததால் வேலை உடனே கிடைத்தது. லாரியின் முன்கண்ணாடியை மட்டும் மாற்றியிருந்தார்கள்.

அந்தக் காலத்தை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். காட்டில் இருந்த ஆயுதக்காரர்களுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று, டிவிஷன் என்கிற தோட்டப் பிரிவுகளில் சிதறிக் கிடந்த லயங்களை, அதாவது வரிசை வீடுகளைப் பிரித்து, எல்லாக் குடும்பங்களையும் ஒரே இடத்தில் கம்பி வேலிக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். மாலை ஆறு முதல் காலை ஆறு வரை ஊரடங்கு. காலையில் கேட் திறந்ததும் வேலைக்குப் போகிற ஒவ்வொருவரையும் சோதிப்பார்கள். ஒரு பிடி அரிசி, ஒரு துண்டு கருவாடு இருந்தாலும் ஜெயில். பசியோடு போய்ப் பசியோடு திரும்ப வேண்டும். யாரும் அதைப் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை. பேசி ஆகப் போவது ஒன்றுமில்லை.

கிடக்கட்டும். தொல்லை பாலில் வந்தது. ரப்பர் பால் மரத்திலிருந்து இறங்கிய சில மணி நேரத்தில் உறைந்து கட்டியாகிவிடும். வெயில் ஏற ஏற இன்னும் சீக்கிரம் உறையும். பால் பாலாகவே ஆலைக்கு வந்தால்தான் நல்ல ரப்பர் ஷீட் ஆகும். முன்பு தூரத்து டிவிஷன்காரர்கள் தங்கள் மரங்களுக்குப் பக்கத்திலேயே குடியிருந்தார்கள். விடியும் முன்பே பால் வெட்டத் தொடங்கிவிடுவார்கள். இப்போது வேலிக்குள்ளிருந்து செம்மண் மேட்டைத் தாண்டிப் போக வேண்டும். அதுவும் என் லாரியில்தான் போக முடியும், ஏனென்றால் அந்தப் பாதைக்குத் துப்பாக்கிக்காரக் காவல் வேண்டும். காவல் ஒரு நாளைக்குப் போக ஒரு தடவை, வர ஒரு தடவைதான். பால் பன்னிரண்டரைக்குள் ஆலைக்கு வந்தாக வேண்டும். எங்களுக்கு இரண்டு மணி ஆனது. பீப்பாயைத் திறந்தால் கட்டி. பால் உறையாமலிருக்க மருந்துத் தண்ணீர் கலந்து பார்த்தோம். வெயில் ஏறிய பாலுக்கு அது போதவில்லை.

தோட்ட மேனேஜரான வெள்ளைக்காரத் துரை கிராணியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். மாதத்தின் கடைசி ஆறு வேலை நாட்களும் தூரத்துப் பால் பாலாக வர வேண்டும். ஒரு நாள் கட்டி வந்தாலும் அந்த டிவிஷனை மூடிவிடுவார். நாற்பது குடும்பங்கள். வேறு தோட்டம் தேடலாம் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. அடையாளக் கார்டில் விலாசம் மாற்ற வேண்டும், போலீஸ் அனுமதி வேண்டும், அதுவரை இந்த வேலிக்குள்ளேயும் இடமில்லை, வெளியேயும் இடமில்லை.

கிராணிக்கு அப்போது இருபத்து மூன்று வயது இருக்கும், என்னைவிட ஆறு வயது சின்னவர். போர்க்காலத்தில் எந்தக் கப்பலில் எந்தத் துறைமுகத்துச் சரக்கை ஏற்றினால் மொத்த ஓட்டம் குறையும் என்று கண்டுபிடிக்கும் முறையைப் பற்றிய ஓர் ஆங்கிலக் கட்டுரையின் நகல் அவரிடம் இருந்தது. அதை நூறு தடவை படித்திருப்பார். ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டார். பக்கவாட்டில் ஐந்து பால் கொட்டகைகள், மேலே என் லாரியும் இரண்டு மாட்டு வண்டிகளும். ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை நிமிடம் என்று எழுதினார். எந்தக் கொட்டகைப் பாலை எந்த வண்டி எந்த வரிசையில் எடுப்பது என்று ஒரு பங்கீடு செய்வார். பிறகு இரண்டை இடம் மாற்றிப் பார்ப்பார். மொத்த நேரம் குறைந்தால் வைத்துக்கொள்வார், கூடினால் அழிப்பார். எதை மாற்றினாலும் இனிமேல் குறையாது என்கிற இடம் வரும்வரை விடமாட்டார். நீங்கள் உகப்பாக்கம் என்று பட்டப்படிப்பில் படித்ததைத்தான் அவர் ரப்பர் பால் வாடைக்கு நடுவில் செய்துகொண்டிருந்தார். எனக்குப் புரியவில்லை, ஆனால் பார்த்துக்கொண்டே நிற்கலாம் போல இருந்தது.

அதில் முதல் ஓட்டையைப் போட்டவன் நான்.

“தூரத்து டிவிஷனுக்கு எத்தனை நிமிஷம்ணே?” என்று கேட்டார்.

“இருபது” என்றேன்.

முதல் நாள் அட்டவணைப்படி ஓட்டினோம். பால் கட்டியாக வந்தது. மறுநாள் கிராணி லாரியில் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து கைக்கடிகாரத்தைக் கழற்றித் தொடை மேல் வைத்துக்கொண்டார். மேட்டில் லாரி முனகியபோது அவர் என்னைப் பார்க்கவில்லை, கடிகாரத்தையே பார்த்தார்.

“முப்பத்தஞ்சுண்ணே.”

“இன்னைக்கு ரோடு சரியில்ல லா, கிராணி.”

“நேத்து?”

“நேத்தும் கொஞ்சம் சேறு.”

“இருபதுல எப்ப போனீங்க?”

ஒருமுறை, ஆள் ஏற்றாமல், காய்ந்த பாதையில், பின்னால் யாரோ சுடுகிறார்கள் என்று நினைத்து ஓட்டியபோது போயிருந்தேன். அதைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“நீங்க பொய் சொல்லலண்ணே, பெருமை சொல்லியிருக்கீங்க. அடுத்த தடவ பெருமைய தனியா சொல்லுங்க, நான் தனியா எழுதிக்கிறேன்.”

நான் உங்களைப் போன்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில் பாதி இதிலேயே இருக்கிறது. டிரைவரிடம் எத்தனை நிமிடம் என்று கேட்டால் அவர் தன் சிறந்த நாளைச் சொல்லுவார். மிஷின்காரர் தன் மிஷினின் சிறந்த நாளைச் சொல்லுவார். பக்கத்தில் ஏறி உட்காருங்கள்.

முப்பத்தைந்து என்று மாற்றி எழுதி மறுபடி கணக்குப் போட்டார். மறுபடியும் கட்டி. இந்த முறை ஓட்டத்தில் குறை இல்லை. வழியில் ஒரு நிமிடம்கூட வீணாகவில்லை. அன்று மத்தியானம் தாளை விரித்து ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துச் சரிபார்த்தார். பிறகு மேல் மூலையைக் காட்டி, “இங்க பாருங்கண்ணே, லாரி ஆறு பத்துக்குக் கிளம்புதுன்னு எழுதியிருக்கேன். நீங்க எப்ப கிளம்புறீங்க?” என்றார்.

“ஏழு இருபது, ஏழரை ஆகும்.”

“ஏன் சொல்லல?”

“நீங்க ரோட்டத்தானே கேட்டீங்க.”

பதினோரு நாள் வேலை செய்த தாளை நான்காக மடித்து மேசைக்குள் போட்டார். கோபமோ வருத்தமோ முகத்தில் இல்லை. அடுத்த மூன்று காலைகளும் அவர் ஆபீசுக்குப் போகவில்லை, கேட்டில் நின்றார்.

கேட்டில் நடந்தது இதுதான். ஆண்களைச் சோதிக்க நான்கு கான்ஸ்டபிள்கள். பத்து நிமிடத்தில் எல்லாரும் வெளியே. பெண்களைப் பெண்தான் சோதிக்க வேண்டும். கம்பம் என்கிற மலாய்க் கிராமத்திலிருந்து போலீஸ் ஜீப்பில் வருகிற ஒரே ஒரு மலாய்க்கார அம்மா. மலாயில் அத்தை என்பதுபோல எல்லாரும் அவரை மாக்சிக் என்போம். பாவாடை மடிப்பு, தலைத்துணி, வாளியின் அடி என்று பொறுமையாகப் பார்ப்பார். ஒருவருக்கு முக்கால் நிமிடம். நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள். இன்னொரு சோதனைக்காரி வேண்டும் என்று கிராணி எழுதிப் போட்டார், பதில் இல்லை.

பெண்கள் முதல் நாள் மாலையே ஊரடங்குக்கு முன்பு வாளியைக் கொண்டுபோய் கேட்டில் வரிசையாக வைத்துவிட்டு வருவார்கள். வாளி இருக்கிற இடம் ஆள் நிற்கிற இடம். கடைசியாக வேலிக்குள் கொண்டுவரப்பட்டவர்கள் தூரத்து டிவிஷன்காரர்கள். அவர்களுக்குக் கிடைத்தது பின்கோடி லயங்கள். அவர்கள் வாளியோடு வருவதற்குள் முன்னிடம் எல்லாம் போயிருக்கும். அதனால் பத்தே நிமிடத்தில் நடந்து போய்விடக்கூடிய பக்கத்துக் காட்டு (ரப்பர் மரத் தொகுதியைக் காடு என்போம்) பெண்கள் முதலில் வெளியே வந்தார்கள். முப்பத்தைந்து நிமிடம் போக வேண்டியவர்கள் கடைசியில் வந்தார்கள். தூரத்துப் பெண்களில் கடைசி ஆள் வரும்வரை லாரி உறுமிக்கொண்டு நிற்கும்.

“சோதனைக்குப் பிறகு யாருக்கு அதிக நேரம் வேணுமோ அவங்க முதல்ல போகணும், அண்ணே. அவ்வளவுதான் கணக்கு” என்றார் கிராணி. வேலி ஓரத்திலேயே குந்தி, சிகரெட் பெட்டியின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினார். தூரத்துப் பெண்கள் முன்னால் வந்தால் லாரி ஆறரைக்கு முன்பே கிளம்பிவிடும். மாக்சிக்கின் வேகம் மாற வேண்டியதில்லை, லாரியின் வேகமும் மாற வேண்டியதில்லை. நான் வாய் பிளந்து பார்த்தேன்.

வேலையாட்களை மேய்க்கிற தண்டல் உடனே உற்சாகமாகிவிட்டார். “பெரட்டுல ஆள் கூடுறப்ப ஒரு சத்தம் போட்டா முடிஞ்சிச்சி ஐயா. நாளைக்கே வாளிய மாத்தி வச்சிர்றேன்.”

“சத்தம் வேணாம் தண்டல். நான் கேட்டுப் பாக்குறேன்.”

“பொம்பளைங்ககிட்டயா? ஐயாவுக்குக் கல்யாணம் ஆவல, அதான்.”

வேலை முடிந்து திரும்பிய பெண்களைக் கிராணி கேட்டருகில் நிறுத்திப் பேசினார். தூரத்துக்காரிகள் தலையாட்டினார்கள்.  பக்கத்துக் காட்டுப் பெண்களில் பாக்கியம் என்பவள் முன்னால் வந்தாள். கைக்குழந்தைக்காரி. பால் கொடுக்கிற தாய்கள் காலை பத்து மணிக்கு, குழந்தைகளை விட்டுவைத்திருக்கும் பிள்ளைக் கொட்டகைக்கு ஓடி வந்து திரும்ப வேண்டும் என்பதால் அவர்கள் எல்லாருக்கும் பக்கத்துக் காட்டில்தான் மரம் கொடுத்திருந்தார்கள்.

“கிராணியாரே, அந்தத் தாள்ல எம்புள்ள அழுவுறது எந்தக் கட்டத்துல இருக்கு?”

சிரிப்பு எழுந்தது. தண்டல் “ஏய்” என்றார்.

கிராணி அவரைக் கையால் தடுத்தார். “எந்தக் கட்டத்துலயும் இல்ல. நான் போடல.”

“லேட்டாப் போனா பத்து மணிக்குள்ள பாதி மரங்கூட ஆவாது. விட்டுட்டு வந்தா ஆளில்லன்னு தண்டல் கத்துவாரு. வராட்டிப் புள்ள கத்தும். யாரு கத்துனா பரவாயில்லன்னு நீங்களே சொல்லுங்க.”

“எத்தன பேரு இருக்கீங்க?”

“பதினெட்டு.”

“பதினெட்டும் முதல்ல. அப்பறம் தூரம். அப்பறம் மத்தவங்க. இது மாறாது. சரியா?”

“மாறாதுன்னு சொல்றீங்க.”

“மாறாது.”

எனக்கு மனம் கேட்கவில்லை. தனியாக இழுத்து, “நல்லாப் போட்ட கணக்க ஏன் கெடுக்கிறீங்க? கால் மணி நேரம் போச்சே” என்றேன். அவர், “கெடல அண்ணே. முன்னால போட்டது வேற யாரோ தோட்டத்துக் கணக்கு. இதுதான் இந்தத் தோட்டத்துக் கணக்கு” என்றார்.

புதிய வரிசையில் லாரி ஆறே முக்காலுக்குக் கிளம்பியது. பால் பன்னிரண்டே காலுக்கு ஆலை வாசலில் இருந்தது. கட்டி இல்லை. மாதத்தின் கடைசி வாரம் தொடங்கியது. ஐந்து நாள் அப்படியே போயிற்று. தூரத்துக்காரிகளில் மூத்தவளான லூர்தம்மாள், நான் மேட்டில் கியர் மாற்றும்போதெல்லாம் பின்னாலிருந்து, “ஏத்துங்க டைவரே, ஏத்துங்க, மாதா பாத்துக்குவா” என்று கத்துவாள்.

ஆறாம் நாள் காலை ஆறு மணிக்குப் போலீஸ் ஜீப் வரவில்லை. இரவு கம்பத்துப் பக்கம் மட்டும் பெய்த மழையில் சாலையில் மரம் விழுந்து கிடந்தது. ஆண்கள் வெளியே வந்து லாரியில் ஏறிவிட்டார்கள். பெண்கள் வாளிகளோடு வரிசையில் நின்றார்கள். ஆறரை. ஆறே முக்கால். வெயில் சாய்வாக வேலிக்கம்பிமேல் விழுந்தது. துரை பன்னிரண்டரைக்கு ஆலையில் தானே நின்று பார்க்கப் போவதாகச் சொல்லியிருந்தார். ஏழு மணிக்கு ஜீப் வந்தது. மாக்சிக் முழங்கால்வரை சேற்றோடு இறங்கினார்.

நான் கிராணியிடம் ஓடினேன். “இன்னைக்கு ஒரு நாள் மட்டும் பிள்ளக்காரிங்கள பின்னால தள்ளுங்க. பதிமூணு, பதினாலு நிமிஷம் கிடைக்கும். ஆறாம் நாள் லா, கிராணி! நாப்பது குடும்பம்!”

லூர்தம்மாளும் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் அவரையே பார்த்தாள். பாக்கியம் வரிசையின் தலையில் நின்றபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சு கேட்காவிட்டாலும் அவளுக்கு விஷயம் தெரியும்.

கிராணி கடிகாரத்தைப் பார்த்தார். உதட்டை அசைத்து ஏதோ கூட்டினார். “தள்ளினாலும் பத்தாதுண்ணே. ஒரு மணி நேரம் போயிருச்சு, பதினாலு நிமிஷம் என்ன பண்ணும்? சொன்ன சொல்லும் போவும், பாலும் போவும்.” பிறகு லூர்தம்மாள் பக்கம் திரும்பினார். “அக்கா, முழுக் காட்டையும் வெட்டினா எப்ப முடியும்?”

“இப்பப் போனா ஒரு மணியாவது ஆவும், ஐயா.”

“பாதி மரம் மட்டும் வெட்டினா?”

அவள் விழித்தாள். நானும் விழித்தேன். ஓர் ஆளுக்கு இத்தனை மரம் என்பது தோட்டத்தில் கேள்விக்கு இடமில்லாத விஷயம். குறைத்தால் தண்டல் விடமாட்டார், குறைக்கலாம் என்று வெட்டுகிறவருக்கும் தோன்றாது. மழை வந்தால் வேலையே நிற்கும். பாதி வெட்டு என்று ஒன்று கிடையாது. கிராணி போட்ட எந்தத் தாளிலும் மரக் கணக்கு அசையாமல்தான் இருந்தது.

“பாதின்னா பத்துக்கெல்லாம் மங்குல வடிஞ்ச பால எடுத்துறலாம்” என்றாள்.

“அப்ப பாதி மரம். கிட்ட இருக்குற மர நிரைய மட்டும் பாருங்க. மிச்சத்துல கத்தியே படக் கூடாது.”

தண்டல் பதறினார். “ஐயா, துரை கேப்பாரு. யாரு சொன்னாங்கன்னு கேப்பாரு.”

“நான் சொன்னேன்னு சொல்லுங்க.”

பதினெட்டுப் பேரும் முதலில் போனார்கள். பாக்கியம் கேட்டைத் தாண்டியதும் ஓட ஆரம்பித்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் ஓடினார்கள். பிறகு தூரத்துக்காரிகள் ஒவ்வொருவராக மாக்சிக் முன்னால் வாளியைக் கவிழ்த்துக் காட்டி லாரியில் ஏறினார்கள். ஏழே முக்காலுக்குக் கிளம்பினேன். முப்பத்தைந்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம் குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. கிராணியும் கூட வந்தார். அங்கே போனதும் அவரே நிரை நிரையாக நடந்து, பாதி வந்த இடத்தில் ஆட்களை நிறுத்தினார். நிறுத்தச் சொன்னபோது கை நிற்காமல் அடுத்த மரத்துக்குப் போனவர்கள் பலர். பழக்கம்.

பன்னிரண்டு இருபதுக்கு ஆலை வாசலில் லாரியை நிறுத்தினேன். துரை அங்கே இருந்தார். கையில் ஒரு மடித்த காகிதம், டிவிஷனை மூடும் உத்தரவு. பீப்பாய்களைத் திறந்தார்கள். பால் வெள்ளையாக, நுரையோடு, வடிகட்டியில் விழுந்து ஓடியது. வடிகட்டியில் ஒரு துண்டு கட்டிகூடத் தங்கவில்லை. துரை குனிந்து பார்த்தார். பிறகு பீப்பாய்களை எண்ணினார். வழக்கத்தில் பாதி.

“கிராணி, மிச்சம் பால் எங்கே?” துரைக்குத் தமிழ் வரும், அதட்ட மட்டும் வரும்.

கிராணியின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. குரல் மட்டும் ஆபீசில் பேசுகிற அதே குரல். “மரத்துல இருக்கு, துரை. நாளைக்கும் அங்கதான் இருக்கும். கட்டியாக் கொண்டாந்திருந்தா இன்னைக்கும் இல்ல, நாளைக்கும் இல்ல.”

 லாரியின் பின்னால் தூரத்துப் பெண்கள் இறங்காமல் நின்றார்கள்.  துரை மறுபடியும் வடிகட்டியைப் பார்த்தார். கையிலிருந்த காகிதத்தைச் சட்டைப் பையில் திணித்து, “நாளைக்கு முழு மரம்” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

“இறங்குங்க அக்கா” என்றார் கிராணி. “நாளைக்கு வேல இருக்கு.”